பாடசாலையிலிருந்து பட்டறைக்கு: சுவிஸ் தொழிற்கல்வி கடந்துவந்த பாதை

இந்நாட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு, பிள்ளை கட்டாயக் கல்வியின் கடைசி ஆண்டில் இருக்கும்போது ஒரு கடதாசி வந்து சேர்கிறது. தொழிற்பயிற்சி ஒப்பந்தம் என்பது அதன் பெயர். அதில் நிறுவனத்தின் கையொப்பம் இருக்கும். பிள்ளையின் கையொப்பமும் இருக்கும். பிள்ளை 18 வயதை அடையாதவராதலால், பெற்றோரின் கையொப்பத்துக்கென மூன்றாவதாக ஓர் இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கும்.

அந்த வெற்றிடத்தின் முன்னால் பேனாவைக் கையிற் பிடித்தபடி மனம் குமைந்த தந்தையர் பலர். அவர்களுள் ஒருவர் இக்கட்டுரையாளரிடம் சொன்ன வார்த்தைகள் இவை: "டொக்டராக வராட்டிலும் எஞ்சினியராகவாவது வருவான் எண்டு நினைச்சன். இப்ப லேர செய்யப்போறன், குழாய் பூட்டப் பழகப்போறன் எண்டு நிக்கிறான். இதுக்கோ நான் இஞ்ச வந்தனான்?" அவர் யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பிற் கணிதம் பயின்றுகொண்டிருந்தபோது படிப்பை இடைநடுவில் விட்டுப் புறப்பட்டவர். இங்கே உணவகச் சமையலறையிற் பாத்திரம் கழுவத் தொடங்கி, அங்கேயே முப்பது ஆண்டுகள் உழைத்தவர். பாடசாலையை விட்டு நீங்குதல் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். அது ஓர் இழப்பு. தன் மகனுக்கும் அதே இழப்பு நேர்வதாகவே அவர் எண்ணினார்.

அவருடைய துயரம் பொய்யானதன்று. ஆயினும் அவர் அறிந்திருந்த பாடசாலை நீக்கமும், அவருடைய மகன் எடுத்து வைக்கும் அடியும் ஒன்றல்ல. இரண்டுக்கும் வெவ்வேறு வரலாறுகள் உள்ளன. கையொப்பமிடுவதற்கு முன்னரோ மறுப்பதற்கு முன்னரோ அவ்விரு வரலாறுகளையும் அறிந்துகொள்வது பெற்றோராகிய எமது கடமையாகும்.

உத்தியோகக் கனவு எங்கிருந்து வந்தது?

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும்" என்பது எமது ஊரிற் பழகிப்போன சொல். கோறணமேந்து என்றால் அரசாங்கம். இந்தச் சொல் ஆதியிலிருந்தே எம்மிடம் இருந்ததன்று. ஆங்கிலேயர் ஆட்சியில், ஆங்கிலம் படித்தவர்க்கு அரசாங்க எழுதுவினைஞர் பதவி கிடைக்கத் தொடங்கிய காலத்தின் பிள்ளை அது.

வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசனரிமார் 1823இல் ஒரு செமினறியைத் தொடங்கினர். கணிதமும் வானியலும் மெய்யியலும் அங்கே ஆங்கிலத்திற் கற்பிக்கப்பட்டன. 1855இல் அது மூடப்பட்டது. அங்கு பயின்றவர்கள் சமயப் பணிக்கு வருவதிலும் பார்க்க, ஆங்கில அறிவைக் கொண்டு அரசாங்க உத்தியோகத்துக்குப் போவதையே பெரிதும் விரும்பினர் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. மிசனரிமாருக்கு அது ஏமாற்றமாக இருந்திருக்கலாம். மழையை நம்பி வாழ்ந்த வரண்ட நிலத்துக் குடும்பங்களுக்கோ, மாதச் சம்பளமும் முதுமையில் ஓய்வூதியமும் தந்த அந்த உத்தியோகம் ஒரு மீட்சியாகவே தோன்றியது. பின்னர் வந்த தலைமுறைகள் கொழும்புக்கும், கடல் கடந்து மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் அரசாங்கக் கந்தோர்களுக்கும் சென்றன. மலாயாவிலிருந்து வந்த பணம் ஊரிற் கல்வீடுகளாக எழுந்தது. படிப்பு என்றால் கந்தோர் என்ற எண்ணம் இப்படித்தான் வேரூன்றியது.

இதனோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அதனை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. எமது சமூகத்திற் கைத்தொழில்கள் சாதியோடு பிணைக்கப்பட்டிருந்தன. மரவேலையும் இரும்புவேலையும் பொன்வேலையும் இன்னின்னார் செய்வன என்று பிறப்பு வரையறுத்தது. "குலவித்தை கல்லாமற் பாகம்படும்" என்ற பழமொழி அதற்கு நியாயமும் கற்பித்தது. ஆகவே ஒரு தொழிலை இழிவென்று சொல்லும்போது, அத்தொழிலைச் செய்த மனிதரையே நாம் இழிவென்று சொல்லிவந்தோம். இன்று சூரிச்சிலும் பேர்ணிலும் ஒரு பிள்ளை மரவேலை பழகப்போகிறேன் என்றால், சில வீடுகளில் எழுகின்ற முகச்சுளிப்பில் அந்தப் பழைய நஞ்சின் ஒரு துளி இன்னும் உண்டு.

மூன்றாவது காரணம் ஒரு காயம். 1971இற் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு பேராதனையிற் பொறியியல் பயிலத் தமிழ்மொழி மாணவருக்கு வேண்டப்பட்ட புள்ளி 250. சிங்களமொழி மாணவருக்கு 227. கல்வியையே ஒரே ஏணியாகக் கருதியிருந்த சமூகத்தின் ஏணி எட்டாத உயரத்துக்குத் தூக்கப்பட்டது. மறுக்கப்பட்ட பொருளின் மீது ஆசை பெருகுவது இயல்பு. அன்று தாம் இழந்த பல்கலைக்கழக இடத்தைத் தம் பிள்ளைகள் மூலம் மீட்க வேண்டும் என்ற ஏக்கம் புலம்பெயர்ந்த பெற்றோர் பலரின் நெஞ்சில் இன்றும் இருக்கிறது.

அதே 1971இல் இரு வேறு நிகழ்வுகளும் நடந்தன. டட்லி சீயர்ஸ் தலைமையிற் சர்வதேசத் தொழில் அமைப்பு அனுப்பிய குழு இலங்கையின் வேலையில்லாத் திண்டாட்டத்தை ஆராய்ந்து அறிக்கை அளித்தது. படித்த இளைஞர் எதிர்பார்க்கும் வேலைக்கும், நாட்டில் இருக்கும் வேலைக்கும் இடையே பெரும் இடைவெளி உண்டென அவ்வறிக்கை சுட்டிக்காட்டியது. தொழில் பயிலுநர் பயிற்சிக்கென ஒரு சட்டமும் அவ்வாண்டே நிறைவேறியது. 1972இன் கல்விச் சீர்திருத்தம் பாடசாலைகளில் தொழில் முன்னிலைப் பாடங்களைப் புகுத்தியது. ஆனால் 1977இன் ஆட்சி மாற்றத்தின் பின் அப்பாடங்கள் கைவிடப்பட்டன. கைத்தொழிலைக் கல்வியின் நடுவே வைக்கும் முயற்சி அங்கே நிலைகொள்ளவில்லை.

எம்மிடம் கைத்திறன் இருக்கவில்லை என்பதன்று இதன் பொருள். வல்வெட்டித்துறையில் 1930இற் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், வல்வெட்டித்துறை மாலுமிகளுடன் கடல்கள் கடந்து 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதைக் கட்டிய மேத்திரிமார் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பயின்றவர்களல்லர். அத்தகைய அறிவு எம்மிடையே தந்தையிடமிருந்து மகனுக்குக் கைமாறியது. அதைப் பேணும் பாடசாலையோ, மதிப்பளிக்கும் சான்றிதழோ, பாதுகாக்கும் சட்டமோ தோன்றவில்லை. பாய்க்கப்பற் காலம் முடிந்தபோது அந்த அறிவும் பெரும்பாலும் முடங்கிப்போயிற்று.

இனி நாம் வந்து சேர்ந்த நாட்டைப் பார்ப்போம்.

தொழிற்குழுக்களின் ஆட்சி

ஏப்ரல் மாதத்தில் சூரிச் நகரிற் செக்செலொய்ட்டன் விழா நடைபெறுவதை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். பழங்கால உடையணிந்தோர் ஊர்வலமாக வருவர். மாலை ஆறு மணிக்குப் பஞ்சும் வெடியும் நிறைந்த பனிமனிதன் பொம்மைக்குத் தீ வைக்கப்படும். ஊர்வலத்தில் நடப்போர் நகரின் பழைய தொழிற்குழுக்களின் பெயரால் வருபவர்கள். கொல்லர், தச்சர், தையற்காரர், வெதுப்பகத்தார், தோல் பதனிடுவோர் ஆகியோரின் சங்கங்களே அக்குழுக்கள்.

1336ஆம் ஆண்டு ரூடோல்ப் புரூன் என்ற பிரபு, கைவினைஞரின் துணையோடு சூரிச்சின் பழைய நகரசபையைக் கவிழ்த்தார். புதிய யாப்பின்படி 13 தொழிற்குழுக்கள் அமைந்தன. அவற்றின் தலைவர்கள் நகரசபையில் அமர்ந்தனர். இரும்படிப்பவரின் சங்கமும் மரம் செதுக்குபவரின் சங்கமும் நகரை ஆளும் உரிமை பெற்றன. எமது ஊரிற் கைவினைஞர் கோவிலின் உள்வீதியில் நிற்பதற்கே தடைகள் இருந்த காலங்களை எண்ணினால் இந்த வேறுபாடு விளங்கும். இங்கே கைத்தொழில் அரசியல் வலிமையாக மாறிற்று. அந்த வலிமையே பின்னர் மதிப்பாகவும் மாறிற்று.

எனினும் அதனைப் பொற்காலம் என்று எண்ணிவிடலாகாது. பிள்ளையைத் தொழில் பழக விடும் பெற்றோர் தொழில் ஆசானுக்குப் பணம் கட்டவேண்டும். பிள்ளை ஆசானின் வீட்டிலேயே தங்கி, அவருடைய ஏவல்களையும் செய்து, சில ஆண்டுகள் கழிக்கவேண்டும். அதன்பின் ஊர் ஊராக அலைந்து வேலை செய்து அனுபவம் தேடவேண்டும். இறுதியிற் பட்டறை வைக்கும் ஆசானாக ஏற்கப்படுவது ஒரு சிலருக்கே கைகூடும். ஆசானின் மகனுக்கு வழி எளிது. யூதர்களுக்கும், மணவாழ்க்கைக்குப் புறம்பே பிறந்தவர்களுக்கும் குழுவின் கதவு அடைபட்டிருந்தது. பெண்களுக்கும் அது பெரும்பாலும் மூடியே இருந்தது. பிறப்பைக் கேட்கும் வழக்கம் எமக்கு மட்டும் உரியதன்று.

ஓடிப்போன ஒரு பயிலுநர்

அந்தப் பழைய முறையின் கொடுமையை உலகறியச் செய்தவர் ஜெனீவாவைச் சேர்ந்த ஒரு கடிகாரக்காரரின் மகன். பெயர் ஜோன் ஜாக் ரூசோ. 1712இற் பிறந்த இவர், 1725இல், தமது பன்னிரண்டு பதின்மூன்று வயதில், உலோகத்திற் செதுக்குவேலை செய்யும் ஒருவரிடம் ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் விடப்பட்டார். அங்கே அடியும் வசையும் வாங்கினார். பொய்யும் களவும் பழகியதும் அங்கேதான் என்று பிற்காலத்தில் தமது வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். 1728இல் ஒருநாள் மாலை, ஊருக்கு வெளியே சென்று திரும்பியபோது நகரின் கதவுகள் மூடப்பட்டிருந்தன. தண்டனைக்கு அஞ்சிய அவர் உள்ளே திரும்பவேயில்லை. பதினாறு வயது நிறைவதற்கு முன்பே நாடோடியாயினார்.

வியப்பு என்னவெனில், கைத்தொழிலால் இவ்வளவு துன்பப்பட்ட அவரே, 1762இல் வெளியிட்ட எமில் என்னும் கல்வி நூலில், தமது கற்பனை மாணவனுக்கு ஒரு கைத்தொழில் கட்டாயம் வேண்டும் என்று வற்புறுத்தினார். அவர் தெரிந்தெடுத்த தொழில் மரவேலை. செல்வமும் பதவியும் ஒருநாளிற் பறிபோகலாம். கையிலுள்ள தொழில் கூடவே வரும் என்பது அவர் கருத்து. அவ்வாண்டே அந்நூல் ஜெனீவாவில் அதிகாரிகளின் ஆணையால் எரிக்கப்பட்டது. உடைமைகளை விட்டு ஒரு பையோடு எல்லை கடந்த எமக்கு ரூசோவின் அந்தக் கருத்தை எவரும் விளக்கவேண்டியதில்லை.

அவரது நூல்களாற் கவரப்பட்டவர் சூரிச்சிற் பிறந்த பெஸ்டலோசி. 1774 அளவில், ஆர்காவ் மாநிலத்தின் பிர் என்னும் ஊரிலிருந்த தமது நொய்ஹோப் பண்ணையில் ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்தார். அவர்கள் நூல் நூற்றும் நெய்தும் உழைத்தவாறே எழுத்தும் கணக்கும் கற்க ஏற்பாடு செய்தார். 1780இற் பணமின்றி அம்முயற்சி முறிந்தது. ஆனால் தலை, நெஞ்சு, கை ஆகிய மூன்றும் ஒன்றாக வளரவேண்டும் என்ற அவருடைய கொள்கை முறியவில்லை. இன்று எமது பிள்ளைகளின் ஆசிரியர்கள் அதையே தமது பயிற்சிக் கல்லூரிகளிற் கற்று வருகின்றனர்.

சட்டம் பிறந்த கதை

1798இற் பிரெஞ்சுப் படை நுழைந்ததோடு பழைய ஆட்சி வீழ்ந்தது. தொழிற்குழுக்களின் ஏகபோக உரிமையும் ஆட்டம் கண்டது. சில இடங்களில் அது மீண்டும் தலையெடுத்தாலும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1874இன் கூட்டாட்சி யாப்பு நாடு முழுவதும் தொழில் செய்யும் சுதந்திரத்தை உறுதி செய்தது. ஆரம்பக் கல்வி கட்டாயம், அரசாங்கப் பாடசாலைகளில் அது இலவசம் என்பதையும் அதே யாப்பு நிலைநாட்டியது.

இதற்கிடையே ஆலைகள் பெருகிவிட்டன. பிள்ளைகள் நூற்பாலைகளில் நாள் முழுவதும் நின்றனர். 1877இல் மக்கள் வாக்கெடுப்பில், சிறிய பெரும்பான்மையால், தொழிற்சாலைச் சட்டம் ஏற்கப்பட்டது. 14 வயதுக்குட்பட்டோரை ஆலைகளில் வேலைக்கு வைத்தல் தடுக்கப்பட்டது. அதற்கு மேல் 16 வயது வரையுள்ளோருக்குப் பாடசாலை நேரமும் வேலை நேரமும் சேர்ந்து நாளொன்றுக்கு 11 மணித்தியாலத்தைத் தாண்டலாகாது என வரையறுக்கப்பட்டது. இன்று அது கடுமையாகத் தோன்றும். ஆயினும் வேலை செய்யும் பிள்ளைக்குப் பாடசாலையும் உரியது என்ற எண்ணம் அச்சட்டத்தில் எழுத்தில் வந்தது.

பிள்ளைகளைக் காத்தால் மட்டும் போதாது, அவர்களுக்கு நன்றாகக் கற்பிக்கவும் வேண்டும் என்ற உணர்வை உண்டாக்கியது ஒரு வியாபார அதிர்ச்சியாகும். 1876இற் பிலடெல்பியாவில் நடைபெற்ற உலகக் கண்காட்சிக்குச் சென்ற சுவிஸ் கடிகாரக்காரர், அமெரிக்கர் இயந்திரத்தால் திருத்தமான கடிகாரங்களைத் திரளாகச் செய்வதைக் கண்டு திகைத்தனர். மலிவாற் போட்டியிட முடியாத சிறிய நாடு, திறமையாற் போட்டியிடவேண்டும் என்பது தெளிவாயிற்று. 1884இல் கூட்டாட்சி அரசாங்கம் தொழிற்கல்விக்குப் பண உதவி வழங்கத் தீர்மானித்தது. 1890இற் கடிகாரத் தொழிலின் களமாகிய நொயென்பேர்க் மாநிலம், பயிலுநரைப் பாதுகாக்கும் சட்டத்தை முதன்முதலில் இயற்றியது. பிற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 1930இல் நாடு முழுமைக்குமான தொழிற்கல்விச் சட்டம் நிறைவேறி, 1933இன் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டம் மூன்று தூண்களை நாட்டியது. முதலாவது, எழுத்திலான ஒப்பந்தம். இரண்டாவது, பட்டறையோடு கூடவே கட்டாயத் தொழிற்பாடசாலை. மூன்றாவது, முடிவில் ஒரு பொதுப் பரீட்சை. ஓர் ஆசானின் தயவில் இருந்த பிள்ளை, சட்டத்தின் பாதுகாப்பில் வந்தது. ரூசோவின் செதுக்குப் பட்டறைக்கும் இன்றைய பயிற்சி நிறுவனத்துக்கும் இடையிலுள்ள இருநூறு ஆண்டுத் தூரம் இதுவே.

கறை படிந்த பக்கம்

இந்த வரலாற்றின் இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விடமுடியாது. சட்டம் பயிலுநரைக் காத்த அதே காலத்தில், வறிய வீட்டுப் பிள்ளைகளும் தாய் தந்தையற்ற பிள்ளைகளும் அதிகாரிகளாற் பிரித்தெடுக்கப்பட்டுப் பண்ணைகளிற் கூலியில்லா வேலையாட்களாக விடப்பட்டனர். அவர்களிற் பலருக்குப் பாடசாலையும் ஒழுங்காகக் கிடைக்கவில்லை, தொழிலும் கற்பிக்கப்படவில்லை. இந்த வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதி வரை நீடித்தது. 2013இற் கூட்டாட்சி அரசாங்கம் அவர்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. 2017இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டு உயிருடன் இருப்போருக்கு ஆளுக்கு 25,000 பிராங்க் வழங்க ஏற்பாடாயிற்று.

இதை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. பிள்ளையை வேலைக்கு விடுவது வேறு. தொழில் பயில விடுவது வேறு. முன்னையது பிள்ளையின் உழைப்பை எடுத்துக்கொள்கிறது. பின்னையது பிள்ளையின் கையில் ஒன்றைக் கொடுத்து அனுப்புகிறது. ஒப்பந்தமும் பாடசாலையும் பரீட்சையுமே இரண்டையும் பிரிக்கும் வேலி. வேலி இல்லாத இடத்தில், எந்த நாடாயினும், ஏழையின் பிள்ளையே முதலில் மேயப்படும்.

அடைத்த கதவு திறந்தது

தொழிற்கல்வி பெற்றவர் தொழிலாளியாகவே முடியவேண்டுமா? நெடுங்காலம் பெரும்பாலோருக்கு அப்படித்தான் இருந்தது. அந்த எல்லையைத் தாண்டிய ஒருவரை இங்கு நினைவுகூரலாம். சொலத்தூர்ன் மாநிலத்தில் 1918இற் பிறந்த வில்லி ரிச்சார்ட், வெப்பமூட்டும் குழாய்களைப் பொருத்தும் தொழிலைப் பழகியவர். தொழிற்சங்கப் பணியில் உயர்ந்து, 1973இல் எழுவர் கொண்ட கூட்டாட்சி அமைச்சரவைக்குத் தெரிவானார். 1978இல் நாட்டின் சனாதிபதியாக இருந்தார். பின்னர் நிதியமைச்சைப் பொறுப்பேற்றார். 1983 ஒக்ரோபரில், பதவியில் இருக்கும்போதே காலமானார். குழாய் பூட்டியவரின் கையில் நாட்டின் திறைசேரியை ஒப்படைக்க இந்நாடு தயங்கவில்லை.

ஆனால் ஒருவர் உயர்ந்தது எல்லோருக்கும் வழியாகாது. வழி சட்டத்தால் வரவேண்டும். அது 1990களில் வந்தது. தொழிற்பயிற்சியோடு சேர்த்துப் பெறக்கூடிய தொழில்சார் உயர்தரச் சான்றிதழ் அப்பத்தாண்டின் முற்பகுதியில் அறிமுகமாயிற்று. 1995இன் சட்டத்தின்படி, அச்சான்றிதழ் பெற்றோரை ஏற்கும் தொழில்சார் உயர்கல்லூரிகள் உருவாகின. பின்னர் ஒரு மேலதிகப் பரீட்சையின் மூலம் பல்கலைக்கழகத்துக்கும் பாலம் அமைக்கப்பட்டது. 2002இல் நிறைவேறி 2004இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், தாதியம், சமூகப்பணி, விவசாயம் ஆகியவற்றையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்தது.

இன்று இந்நாட்டு இளையோரில் மூன்றில் இரண்டு பங்கினர் கட்டாயக் கல்வியின் பின் தொழிற்கல்விக்கே செல்கின்றனர். ஏறத்தாழ 250 தொழில்கள் அவர்கள் முன் இருக்கின்றன. வங்கியும் மருந்தகமும் கணினியும் அவற்றுள் அடங்கும். இங்கே 16 வயதிற் பாடசாலையிலிருந்து பட்டறைக்குச் செல்பவர் கல்வியை விட்டு விலகுபவரல்லர். வேறொரு வாசலால் அதற்குள் நுழைபவர்.

எமது பிள்ளைகளும் நாமும்

இவ்வளவும் அறிந்தபின், எல்லாப் பிள்ளைகளையும் தொழிற்பயிற்சிக்கு அனுப்புங்கள் என்று சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. இந்த முறையில் எமக்குப் பாதகமான இடங்களும் உள்ளன.

பல மாநிலங்களில் 12 வயதளவில் பிள்ளைகள் வெவ்வேறு தரங்களாகப் பிரிக்கப்படுகின்றனர். வீட்டில் இந்நாட்டு மொழி பேசாத பிள்ளையின் அறிவு, மொழிக் குறைவினால் மறைக்கப்படலாம். வெளிநாட்டுக் குடும்பங்களின் பிள்ளைகள் தாழ்ந்த தரங்களிற் கூடுதலாக இருப்பது இந்நாட்டில் நன்கறியப்பட்ட உண்மை. தொழிற்பயிற்சி முடித்து வேலை தேடிய இளையோரிடையே 2000களின் தொடக்கத்தில் நடத்தப்பட்ட ஆய்வுகள், சமமான தகைமை இருந்தும் பெயரைப் பார்த்தே சிலர் ஒதுக்கப்பட்டதைக் காட்டின. ஆகவே "இவனுக்கு இதுதான் சரி" என்று பாடசாலை சொல்லும்போது, அது பிள்ளையின் திறமையைப் பார்த்துச் சொல்லப்பட்டதா, அல்லது அகதியின் பிள்ளை என்பதைப் பார்த்துச் சொல்லப்பட்டதா என்று கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. மொழி தெரியவில்லை என்று வெட்கப்பட்டு வாய்மூடி இருத்தலாகாது. மொழிபெயர்க்க ஒருவரை அழைத்துச் சென்றாவது கேட்கவேண்டும்.

அதே நேர்மையோடு எம்மையும் நாம் கேட்டுக்கொள்ளவேண்டும். "படிப்பா, தொழிலா?" என்ற பழைய கேள்வி இங்கே பொருந்தாது. பொருந்தும் கேள்விகள் மூன்று. இந்தத் தொழில் பிள்ளை தானே பார்த்துத் தெரிந்தெடுத்ததா, அல்லது இடம் கிடைத்ததென்பதற்காக ஏற்றுக்கொண்டதா? ஒப்பந்தம் இரண்டு ஆண்டுப் பயிற்சிக்கா, மூன்று நான்கு ஆண்டுப் பயிற்சிக்கா. முன்னையதாயின், முடித்தபின் பின்னையதைத் தொடர வழி உண்டா? உயர்கல்லூரிக்கு அழைத்துச் செல்லும் சான்றிதழைப் பயிற்சியோடு சேர்த்துப் பெற நிறுவனம் இடமளிக்குமா? இம்மூன்றுக்கும் விடை நன்றாயிருந்தால், குறைந்த புள்ளியோடு கிம்னாசியத்தில் நாளும் நொந்துகொண்டிருக்கும் வாழ்விலும் பார்க்க அந்த ஒப்பந்தம் மேலானது.

அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்த குடும்பங்களுக்கும் ஒரு செய்தி. அகதித் தகைமை பெற்றோருக்கும் தற்காலிக அனுமதி பெற்றோருக்குமென, தொழிற்பயிற்சிக்கு முன்னோடியான ஓராண்டுப் பயிற்சித் திட்டம் ஒன்றை 2018இல் இந்நாடு தொடங்கியது. மொழியும் தொழிலின் அடிப்படையும் அதில் ஒருங்கே கற்பிக்கப்படுகின்றன. வயது கடந்துவிட்டதென்று மனந்தளர்ந்திருக்கும் இளைஞர்கள் தமது மாநிலத்தின் தொழில் ஆலோசனை நிலையத்திற் கேட்டறியலாம்.

தொடக்கத்திற் குறிப்பிட்ட தந்தை, இறுதியிற் கையொப்பமிட்டார். ஆனால் உடனே அல்ல. ஒருநாள் வேலைக்கு விடுமுறை எடுத்து, மகன் சேரவிருந்த பட்டறைக்குத் தானே சென்றார். அங்கே அவருடைய மகன், குழாய் செல்லும் வழியை வரைபடத்திற் காட்டி, நீரின் அழுத்தத்தைக் கணக்கிடும் முறையை விளக்கினான். உயர்தர வகுப்பில் தான் பாதியில் விட்டுவந்த கணிதத்தை அந்த வரைபடத்திற் கண்டதாக அவர் சொன்னார். "படிப்பு இஞ்சயும் இருக்குது தம்பி. நான்தான் வேற இடத்தில தேடிக்கொண்டிருந்தனான்."

மகன் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் பெற்ற நாளில், தந்தை அதைச் சட்டமிட்டு மண்டபச் சுவரில் மாட்டினார். எமது வீடுகளிற் பட்டதாரிகளின் படத்துக்கென ஒதுக்கப்படும் இடம் அது.